எல்லைக்கு அந்தப் பக்கத்து அட்டை

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் போடுவார், இன்னொருவர் எனக்குப் போடுவார். நான் டாக்டர் இல்லை, கம்பவுண்டர்கூட இல்லை. சிப்காட் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவன். ஆனால் அரசாங்கத்துக் காப்பீட்டு அட்டை எந்த நோய்க்குச் செல்லும், எதற்குச் செல்லாது, கவுண்டரில் என்ன கேட்பார்கள் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வித்தையைக் கோபத்தில்தான் கற்றுக்கொண்டேன். வேலையில் இருந்தபோது எங்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் அதுதான். ஒரு வருடம் யூனியன்காரர்கள் பேசிப் பேசிச் சம்பளத்தை ஏற்றினார்கள். ஷிப்டு முடிந்து லைன் லைனாக மைசூர்பாகு கொடுத்தோம். அந்த ஏற்றத்தில் சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டது, இனி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கிடையாது என்று பிறகுதான் சொன்னார்கள். தின்ற இனிப்பு வயிற்றில் எரிந்தது. கோபம் வந்தால் சிலர் குடிப்பார்கள். நான் கவுண்டர் கவுண்டராகப் போய் நின்று கேள்வி கேட்பேன். ரிட்டயர் ஆனபிறகு அதற்கு நேரமும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அஞ்சு லட்சம் இருக்குதாமே, எப்பங்க எடுக்கலாம்?" என்று ஒரு பெரியவர் கேட்பார். எடுக்கிற பணம் இல்லைய்யா அது என்று ஆரம்பிப்பேன். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இவ்வளவு என்று அரசாங்கம் தொகை கட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரன் கம்ப்யூட்டரில் அனுமதி கேட்பான், அது வந்தபிறகுதான் கத்தியை எடுப்பான். படுத்துச் செய்கிற வைத்தியத்துக்குத்தான் அட்டை. ஓ.பி. சீட்டுக்கும் தினமும் விழுங்குகிற சர்க்கரை மாத்திரைக்கும் அதைக் காட்டினால் சிரிப்பார்கள். வாசலில் போர்டு இருந்தால் மட்டும் போதாது, உன் நோய்க்கு அந்த ஆஸ்பத்திரி சேர்ந்திருக்கிறதா என்று கேள். கண்ணுக்குச் சேர்ந்திருப்பான், இருதயத்துக்குச் சேர்ந்திருக்க மாட்டான். எழுபது வயது ஆகிவிட்டால் வருமானம் பார்க்காமல் தனி அட்டை உண்டு. அதற்கு முன்னால் என்றால் ரேஷன் கார்டில் பேர் இருக்க வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்.

"பேரு எங்க இருக்குதோ அங்கதான் வைத்தியம். ஓசூர்ல ஒரு காலு, அத்திப்பள்ளியில ஒரு காலுன்னு வெக்காதீங்க. ஆபத்துக்கு ரெண்டுமே வழுக்கி வுட்டுடும்."

இதைச் சொல்லக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லாருடைய வாழ்க்கையும் அப்படித்தான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். வீடு இங்கே, வேலை அங்கே. ஓட்டு இங்கே, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அங்கே. இந்தப் பக்கம் பொங்கலுக்கு என்ன கொடுத்தார்கள், அந்தப் பக்கம் பெண்களுக்கு மாதாமாதம் என்ன போடுகிறார்கள் என்று டீக்கடையில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசுவார்கள். எங்கே லாபமோ அங்கே ஆதார் விலாசத்தை மாற்றிக்கொள்வதை யாரும் பெரிய தப்பாக நினைப்பதில்லை. நான் ஒருவன்தான் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரே மகன். கன்னடத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். அங்கேயே தெலுங்கு பேசும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அத்திப்பள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறான். அவன் இருந்த லைனை மூடியபிறகு வேலை ஒழுங்காக இல்லை. கிடைத்த வண்டியை ஓட்டினான். என் மனைவிக்கு அந்தக் கவலைதான் இருபத்து நாலு மணி நேரமும். பேத்தியைப் பார்க்க என்று அடிக்கடி பஸ் ஏறிவிடுவாள். ஒருமுறை பேத்திக்குக் காது குத்துகிறார்கள் என்று போனவள் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தாள். இங்கே நான் உப்புமாவாகக் கிண்டித் தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ரேஷன் அரிசி குறைந்தது. கடைக்குப் போவது அவள். பையைத் தூக்கிப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரையும் பாதிதான். "எடையில அடிக்கிறான்டி அவன், நான் போயி ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்" என்று சட்டையை மாட்டினேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வுடுங்க. இருக்கறது ரெண்டு வவுறு. இதுக்குப் போயி தெருவுல நின்னு கத்துவீங்களா?"

நான் வாசலிலேயே நின்று கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு உள்ளே வந்தேன். மாதாமாதம் திட்டினேன். அவள் மாதாமாதம் கேட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள்.

போன வருடம் மாங்காய் சீசன் முடிகிற சமயத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறினால் வாங்கியது, பிறகு குடத்தைத் தூக்கினால், பிறகு பூசையில் பாட்டுப் பாடினாலே. ஒருநாள் கோயிலிலேயே மயங்கிச் சரிந்தாள். எக்கோ எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, மாத்திரையில் திறக்காது, ஆபரேஷன் செய்து வேறு வால்வு வைக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அவள் முகம் வெளுத்தது. நான் அவள் கையைப் பிடித்து, "நான் எதுக்கு இருக்கறேன்? இந்த ஆபரேஷனு அட்டையில இருக்குது, எனக்குத் தெரியும். ஒரு பைசா குடுக்க வேணாம்" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டாள். பயத்தில் என்று நினைத்தேன்.

ஓசூரில் இருதயத்துக்குச் சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரி எது என்று எனக்குத் தெரியும். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், ஆதார், அட்டை என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் காப்பீட்டுக் கவுண்டரில் வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற்கெனவே அறிவாள். ஊராருக்காக எத்தனையோ முறை அங்கே வந்து சண்டை போட்டிருக்கிறேன். "வாங்க சார், இன்னைக்கு யாருக்கு?" என்றாள். என் வீட்டம்மாவுக்கு என்றேன். அவள் தட்டினாள், பார்த்தாள், மறுபடியும் தட்டினாள்.

"சார், கார்டுல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க. அம்மா பேரு இல்லியே."

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன் சார். பேரு எடுத்து ரொம்ப மாசமாச்சு. அம்மா ஆதாரும் கர்நாடகா அட்ரஸ்ல இருக்குது. அட்டை இவங்களுக்குச் செல்லாதுங்களே."

நான் போட்ட சத்தத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கம்ப்யூட்டர் தப்பு, ஆஸ்பத்திரி தப்பு, அரசாங்கம் தப்பு என்று கத்தினேன். என் மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், அவள்மேல் என்ன தப்பு?

அங்கிருந்து நேராக ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரன் மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதம் எட்டி நின்று திட்டிய ஆளின் முகத்தை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"ஆமாங்க. ஒரு பேருதான இருக்குது, அதுக்குத்தான் அரிசி போடறேன். அம்மாகிட்ட அப்பவே சொன்னனே. சரிப்பான்னுட்டுப் போனாங்க."

"எவன் எடுத்தான்?"

"நாம எடுக்க முடியாதுங்க. கார்டுக்காரங்க போனுக்கு நம்பரு வரும், அதைப் போட்டாத்தான் எடுக்கும். உங்க போனுக்குத்தான வந்திருக்கும்?"

என் போன். மகன் ஒருமுறை வந்தபோது, "ப்பா, உன் போனு ரொம்ப ஸ்லோவா இருக்குது, குடு, கிளீன் பண்ணித் தரேன்" என்று வாங்கி அரைமணி நேரம் வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அப்பன்மேல் அக்கறை என்று அவனுக்குக் கறிக்குழம்பு வைக்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை சோறு வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்தேன். அவள் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு முட்டும். கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள். மருமகள் பேர் அவளுடைய அப்பன் வீட்டுக் கார்டில் இருக்கிறதாம். மகனுக்குப் புதுக் கார்டு கிடைப்பது கஷ்டமாம். தனியாக இருக்கும் வயதான பொம்பளை என்றால் சீக்கிரம் கார்டு கிடைக்கும், குடும்பத் தலைவிக்குப் போடுகிற பணமும் மாதாமாதம் வரும் என்று அத்திப்பள்ளியில் ஒரு புரோக்கர் சொன்னானாம். அந்தக் காது குத்து வாரத்தில்தான் கைரேகை வைத்திருக்கிறாள். பணம் அவள் பேரில் வரும், ஏ.டி.எம். கார்டு மகனிடம். வாடகைக்கு ஆகிறதாம்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா கத்துவீங்க."

"ஊருக்கெல்லாம் நான் என்னா சொல்லிக்கினு திரியறேன்? அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கால் வெக்காதேன்னு தொண்டை வத்தக் கத்தறேனே, அது உன் காதுல வுழல?"

"வுழுந்துச்சு. அவனுக்கு வேற வழியில்ல. எனக்கு நோவு வரும்னு நான் கண்டனா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள்மேல் நான் கை நீட்டியதில்லை. அன்று கை நீட்டவில்லை என்றாலும் வாயால் என்னென்னவோ சொன்னேன். மகன் செய்ததுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவன் எப்போதுமே குறுக்குவழிக்காரன். இவள் மாதாமாதம் குறைந்த அரிசியை என் முன்னால் கொட்டிக் கல் பொறுக்கினாளே, நான் யாரோ ஒருவனைத் திருடன் என்று திட்டுவதைக் கேட்டுக்கொண்டே பொறுக்கினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. துரோகம் என்று சொன்னேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "சரி, துரோகந்தான். சத்தம் மெதுவா போடுங்க, பக்கத்து வூட்டுல கேக்கும்" என்றாள்.

பேரைத் திரும்பச் சேர்க்க நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! இ-சேவை மையத்தில், முதலில் அந்த மாநிலத்தில் பேரை நீக்கியதற்குச் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். அங்கே போனால், முதலில் ஆதார் விலாசத்தை மாற்றுங்கள் என்றார்கள். ஆதார் மாறினால் பிறகு கார்டு, கார்டு வந்தால் பிறகு வருமானச் சான்றிதழ், அதற்குப் பிறகுதான் காப்பீட்டு அட்டை. ஊருக்கெல்லாம் நான் வாயால் பாடம் நடத்திய அத்தனை படிக்கட்டையும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எழுபதுக்கு மேலே கிடைக்கிற அட்டைக்கு அவளுக்கு இன்னும் வயது வரவில்லை. காசு கட்டிச் செய்வது என்றால் என்னிடம் இருப்பது பென்ஷனும் ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியும்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் சென்னைக்கு எழுதித் தருகிறோம், அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அவளால் கழிவறைக்கே நடக்க முடியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் ஏன் அலைகிறீர்கள், எங்கே முடியுமோ அங்கே உடனே செய்யுங்கள் என்றார்.

மகன் வந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ப்பா, அங்க அம்மா பேருல கார்டு இருக்குதில்ல. அதை வெச்சுப் பெங்களூர்ல பெரிய ஆஸ்பத்திரியில ஃப்ரீயா பண்ணலாம். தாலுகா ஆஸ்பத்திரியில லெட்டரு வாங்கிட்டேன்."

கேட்டீர்களா? இந்த வீட்டைக் கொளுத்திவிட்டு அந்த நெருப்பில் எனக்கே வெந்நீர் வைத்துத் தருகிறான். ஆனால் வேறு வழி எனக்கு இருந்ததா? அட்டையைப் பற்றி அவன் சொன்னது சரி. அதுதான் என் தலையெழுத்து. பேர் எங்கேயோ அங்கேதான் வைத்தியம்.

அத்திப்பள்ளியில் அவன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக் காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், கழுத்து வெறுமையாக இருந்தது. எங்கள் தாலியில் சிறிய சிலுவை இருக்கும். இத்தனை வருடத்தில் அது இல்லாமல் அவள் கழுத்தை நான் பார்த்ததே இல்லை.

"எங்க?"

"ஆஸ்பத்திரியில நகை ஆவாதுன்னாங்க" என்று கர்ச்சீப்பில் முடிந்ததை என் கையில் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முன் சீட்டில் இருந்த மகன் திரும்பாமலே, "ப்பா, அங்க நீ எதுவும் பேச வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றான். என் வாய்க்குப் பயந்து சொல்கிறான் என்று நினைத்தேன்.

பெங்களூரு ஆஸ்பத்திரி கவுண்டரில் ஒரு நடுவயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். மகன் வாசலில் கார்க்காரருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் கேட்டார். சிப்காட்டில் முப்பது வருடம் கன்னடக்காரர்களோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்தவனுக்கு அது புரியாதா? கணவர் இல்லை என்று போட்டிருக்கிறது, கையெழுத்துப் போட யார் வந்திருக்கிறார்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் என்னைக் காட்டி அவளிடம் கேட்டார். "இவரு யாரம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை கத்தினால் போதும். இவள் என் பெண்டாட்டி, நான் உயிரோடு இருக்கிறேன், இந்தக் கார்டே பொய் என்று சொன்னால் அந்த மனுஷர் கையை எடுத்துவிடுவார். கார்டு போகும், ஆபரேஷன் போகும், அவளும் போவாள். அவளுக்கும் அது தெரியும். அவள் உதடு நீலமாக இருந்தது.

"நம்ம அண்ணா" என்றாள் கன்னடத்தில்.

காரில் ஏறும்போதே கழுத்து ஏன் வெறுமையாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனியாக இருக்கும் பொம்பளை என்று என்னிடம் சொன்னார்களே, அதற்கு அர்த்தம் இதுதானா! கைரேகை வைத்த அன்றைக்கே என்னைக் கொன்றுவிட்டு வந்து, அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, உப்புமாவில் உப்புச் சரியாக இருந்ததா என்று கேட்டிருக்கிறாள்.

கவுண்டர்காரர் காகிதத்தைத் திருப்பி வைத்தார். அண்ணன் என்று அவரே எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். "தைரியமா இருங்க, தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு பைசா ஆகவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். நர்ஸுகள் ஒவ்வொருத்தியும், "அண்ணா, தங்கச்சிக்குக் கஞ்சி கொண்டாங்க, அண்ணா, தங்கச்சிக்கு டவல் கொண்டாங்க" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஓடினேன். மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடமும் அண்ணன் பேசுகிற அளவுக்குத்தான் பேசினேன்.

வார்டுக்கு மாற்றியபிறகு பக்கத்துக் கட்டிலில் ஆனேக்கல் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். ஒருநாள் பிளாஸ்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தேன். திரைத்துணிக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"வூட்டுக்காரரு எப்ப போனாருக்கா?"

"ஆச்சு, கொஞ்ச காலம்."

"என்னாத்துல?"

"கோவத்துலதான். எதுக்கெடுத்தாலும் கத்துவாரு. ஒருநாளு கத்திக்கினே இருந்தாரு, அப்படியே உக்காந்துட்டாரு."

"அய்யோ பாவமே! நல்ல மனுஷரா?"

"நல்ல மனுஷருதான். ஊருக்கெல்லாம் பொறுமையா எடுத்துச் சொல்லுவாரு. என்கிட்டதான் சத்தம் போடுவாரு. எதையும் சொல்ல முடியாது அவருகிட்ட."

"போவட்டும்க்கா. தங்கமாட்டம் ஒரு அண்ணன் இருக்காரில்ல உனக்கு."

"ஆமா. அண்ணன் ரொம்பப் பொறுமை" என்றாள்.

பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். கவுண்டரில் வேறு வழியில்லாமல் சொன்னாள், சரி. இங்கே யார் கேட்டார்கள்? இந்தப் பெண்மணியிடம் இவ்வளவு விளக்கமாக என்னைச் சாகடிக்க வேண்டிய அவசியம் என்ன? அவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பேச்சு. ஒரு பொய்யில் இத்தனை உண்மையை வைக்க இவளுக்கு எப்படி மனசு வந்தது என்று நினைத்தேன். பிறகு துணியை விலக்கிக்கொண்டு போய்க் காபியை ஊற்றிக் கொடுத்தேன். "தங்கச்சிக்குச் சக்கரை போதுமான்னு கேளுங்கண்ணா" என்று அந்தப் பெண்மணி என்னைச் சீண்டினாள்.

இப்போது ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அதற்கு அவ்வப்போது ரத்தம் பார்த்து அளவை மாற்ற வேண்டும், வால்வையும் பார்க்க வேண்டும். ஆபரேஷன் செய்த இடத்திலேயே காட்டுங்கள் என்கிறார்கள். அதனால் பேரை இந்தப் பக்கம் மாற்றுகிற பேச்சையே எடுக்க முடியவில்லை. மாற்றுகிற இடைவெளியில் ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய்விடும். கோயில் வாசலில் நான் இப்போது நிற்பதில்லை. பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அட்டையைப் பற்றி யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

முதல் செக்கப்புக்குப் பஸ்ஸில் போனோம். ஜூஜூவாடி வருவதற்கு முன்னால் அவள் தாலியைக் கழற்றிக் கர்ச்சீப்பில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அத்திப்பள்ளியில் மாறி ஏறிய பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இலவசம், அந்த மாநிலத்துப் பெண். எனக்கு மட்டும் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அண்ணனாக இருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினோம். செக்போஸ்ட் தாண்டியது. அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க."

"என்னாத்த?"

"என்னுத."

"எதுக்கு? அதான் கத்திக் கத்தியே போயிச் சேந்துட்டனே. அடுத்த மாசமும் வரணும், பையிலயே கிடக்கட்டும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதைக் கேட்டேன், எங்கே நின்று கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு நிமிஷம் செத்துப்போய்த் திரும்பவும் வந்தது. மன்னித்துவிடுங்கள் என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவள் என் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் கர்ச்சீப்பை எடுத்தாள், முடிச்சை அவிழ்த்தாள், நெஞ்சில் தையல் போட்ட இடத்தில் படாமல் தானே மாட்டிக்கொண்டாள்.

"செத்தவருக்கு இத்தினி கோவம் ஆவாதுங்க" என்றாள்.

முன் சீட்டில் இருந்த பொம்பளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் பல தடவை போய்வந்துவிட்டோம், இன்னும் வரவில்லை.